வளைவு

மாசத்தின் முதல் செவ்வாய். கிளினிக்.
பெரியாஸ்பத்திரி வாங்கில் நாற்பத்தோராம் நம்பர் நான்.
மிஸ்ஸி பட்டியைச் சுற்றிக் காற்றை அமுக்க
உள்ளே என் கை
வலைக்குள் விழுந்தது மாதிரித் துடிக்கிறது.
நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நான்கு.
குளிசை போடுறீங்களா?
போடுறன்.
உப்பு?
குறைச்சிட்டன்.
எண்ணெய்?

அந்த இடத்தில்தான் எனக்கு இருமல் வந்தது.

என் தொழில் எண்ணெய்.
இரவு பத்தரைக்குக் கொள்ளுப்பிட்டி ஹோட்டல்களின்
பின்கதவால் போவேன்.
பொரித்துக் களைத்த எண்ணெய், வெறுந்தேத்தண்ணி நிறம்,
இருபது லீற்றர் கலனில் எட்டு.
ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றிய இடத்தில்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும்.
ரசீதில் 'சவர்க்காரத்துக்கு' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன்.
சவர்க்காரக்காரர் இருப்பது வத்தளையில்.
ஜம்பட்டா வீதி கிட்ட,
செபமாலையின் வடைக் கொட்டில்
லீற்றருக்கு நாற்பது ரூபாய் கூடவும் தரும்.

கீழ்மாடியில் சாப்பாட்டு மிஸ், மிதுர்ஷா,
என் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் கோடு போட்டாள்.
நேர்கோடு, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று,
அடுக்கி வைத்த விறகு.
'இது நிறைவுற்ற கொழுப்பு.
அடுக்கலாம், அதால குளிருக்குக் கட்டியாகும்.'
எனக்குத் தெரியும்.
ஏசி ஸ்டோர் அறையில்
தேங்காயெண்ணெய் வெள்ளையாய் உறைந்து
என்னைப் பார்த்திருக்கிறது.

பிறகு முழங்கை மாதிரி மடிந்த ஒரு கோடு.
'இது வளைஞ்சது. அடுக்கேலாது, ஓடித்திரியும்.
சாளை, கீரிமீனில இருக்கிறதுக்கு
அஞ்சாறு முழங்கை.
ரத்தக்குழாய் கொஞ்சம் இளகும்.
கொஞ்சம்தான். அற்புதம் எண்டு நான் சொல்லேல்ல.'

வளைஞ்சதைத் திரும்பத் திரும்பச் சுட்டால்?
கேட்டது நான்தான்.
பென்சிலைத் திருப்பி
மடிப்பை அழித்து நேராகக் கீறினாள்.
'சிலது நிமிர்ந்துபோகும்.
போய் விறகோட சேரும்.'

நிமிர்ந்து நில் என்றுதான்
பள்ளிக்கூடத்தில் எங்களை அடித்தார்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த பசி.
வாசலில் கண்ணாடிப் பெட்டி வண்டி.
இறால் வடை ஒன்றைக் கடித்தேன்.
இறாலுக்குப் பின்னால் மெல்ல
கொள்ளுப்பிட்டியின் கணவாய்ப் பொரியல் மணத்தது.
எங்கே எடுக்கிறாய் என்று வண்டிக்காரனைக் கேட்கவில்லை.
என் கலனை எனக்குத் தெரியாதா.

நாற்பத்திரண்டாம் நம்பர் அம்மா,
பட்டி இறுக்கின தடம் கையில் இன்னும் சிவந்திருக்க,
இரண்டு வடை வாங்கி
ஒன்றை நின்றபடியே தின்றா.
மற்றதைப் பேப்பரில் சுற்றி
குளிசைப் பொட்டலங்களோடு பைக்குள் வைத்தா.
வீட்டில் யாரோ இருக்கவேண்டும்.

அன்றிரவு ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு.
கலன்கள் ஒருமுறை தளும்பி அடங்கின.
திரும்பினால் ஜம்பட்டா.
நேரே போனால் களனிப் பாலம், வத்தளை,
ஆறாயிரத்து நானூறு ரூபாய் நட்டம்.
பிலோமினாவின் சீட்டுக்காசு கிட்டத்தட்ட அவ்வளவு.
பச்சை விழுந்தது, பின்னால் பஸ்காரன் கத்தினான்.
நேரே போனேன்.
அன்றைக்கு.
மற்ற இரவுகளைக் கேட்காதீர்கள்.

விடியக் கீரிமீன் அரைக்கிலோ வாங்கி வந்தேன்.
பொரிக்கவா என்றாள் பிலோமினா,
கேள்வியாகக்கூட இல்லை, தாச்சி ஏற்கனவே அடுப்பில்.
சொதி வை என்றேன்.
கலியாணம் கட்டிப் பதினெட்டு வருசத்தில்
முதல் தடவையாக
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
நூற்று ஐம்பத்தாறு.
மீனா, குளிசையா, பாலம் கடந்ததா,
மிஸ்ஸிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.
'நல்லது, இப்பிடியே இருங்க' என்று எழுதினா.

பட்டியைக் கழற்றிக்கொண்டு
நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டா.
எழும்பி வந்தது வேறு யாரோ.